நாக்கில் ஒட்டாத கல்

காரின் பின் சீட்டில் பதினோரு சுவர்கள்.
ஒவ்வொன்றும் ஒரு சாண் அகலம்.
சோஹார் ரவுண்டானாவில் பிரேக் போட்டால்
தங்களுக்குள் பேசிக்கொள்ளும்:
கல் கட்டைக் குரலில்,
அலுமினியம் தட்டு விழுந்தாற்போல,
சிமெண்ட் பலகை மட்டும் இருமும்.

கல்ஃபானின் வீடு இன்னும் எதையும் உடுத்தவில்லை.
சாம்பல் ஹாலோ பிளாக்கும்
இடுக்கில் பிதுங்கிய காரையுமாக
ஜூலை மாதத்து இரண்டு மணியில் நிற்கிறது.
கூப்பிடு தூரத்தில் கடல்.
காற்று அங்கிருந்து கிளம்பும்போதே
ஈரத்தையும் உப்பையும் தோளில் போட்டுக்கொண்டு வருகிறது.
எதிர்ச்சாரியில் அவர் அண்ணன்மார் வீடுகள் இரண்டு,
தூண் என்ன, வளைவு என்ன,
முகப்பு முழுக்கப் பளிங்கு.
அதற்குக் குறைந்தால் பேச்சு வரும் என்று
முன்னாடியே போனில் சொல்லியிருந்தார்.

மாதிரிகளைச் சுவரோரம் சாய்த்து வைத்தேன்.
அடையாள அணிவகுப்பில் நிறுத்தப்பட்டவர்கள்போல
வெயிலில் கண் கூசி நின்றன.

முதலில் அலுமினியம்.
மங்காது, துருப்பிடிக்காது, பத்து வருட உத்தரவாதம்,
மனப்பாடம் செய்ததை ஒப்பித்தேன்.
ஷம்ஸா கை நீட்டித் தொட்டாள்,
தொட்ட வேகத்தில் விரலை உதறினாள்.
"இவர் நாள் முழுக்க அலுமினியம் உருக்கிவிட்டு வருகிறார்.
வீட்டுக்கு வந்தும் அதன் முகத்திலேயா விழிப்பார்?"
கல்ஃபான் சிரித்தார்.
என் கமிஷனில் பெரியது அதுதான்.

மரம் மாதிரி இருக்கும், மரமில்லாத பலகையை
இருவரும் பார்க்கவேயில்லை.

கல் மூன்று மிச்சம்.
ஒன்று மணல் நிறம். ஒன்று பால் நிறம்.
ஒன்றுக்கு நிறம் சொல்ல வரவில்லை,
வெந்த கிழங்கின் உள்பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"எது உப்பைத் தாங்கும்?"
அவள் கேட்டது என்னை.
நான் பார்த்தது ததேயுஸை.
ஏணியில் அளவெடுத்துக்கொண்டிருந்தவர் இறங்கி வந்தார்.
இனயம் பக்கத்து ஆள்,
கல் பதிப்பதில் பதினாறு வருடம்.
ஒவ்வொன்றையும் தட்டித் தூசி ஊதினார்,
சட்டையில் துடைத்தார்,
பிறகு யாரும் எதிர்பாராமல்
நுனி நாக்கை வைத்தார்.

மணல் நிறம் நாக்கைப் பிடித்துக்கொண்டது.
"இது குடிகாரக் கல் சார்.
ஈரத்தைக் குடிக்கும், தொட்டுக்க உப்பும் கேட்கும்,
மூணாம் வருசம் தோல் உரியும்."
பால் நிறமும் லேசாக ஒட்டியது.
கிழங்கு நிறம் ஒட்டவில்லை.

நான் மொழிபெயர்க்கத் தேவைப்படவில்லை.
ஷம்ஸா கிழங்கு நிறத்தை வாங்கி
இன்னொரு முனையைத் தண்ணீர் விட்டுக் கழுவி
எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றாள்.
திரும்பியபோது உதட்டில் வெள்ளைத் தூசி.
"இது."

விலை சொன்னேன், சதுர மீட்டருக்கு.
கல்ஃபான் வீட்டைச் சுற்றி நடந்தார்.
நாலு பக்கமும் சுற்றி வருவதற்குள்
கணக்கு ஒரு பக்கத்தில் வந்து நின்றுவிட்டது.
"முன்பக்கம் மட்டும். மீதிக்குப் பெயின்ட்."

வழக்கம்தான். எழுதத் தொடங்கினேன்.

"பின்பக்கம்" என்றாள் அவள்.
மேற்குப் பார்த்த சுவர்,
துணி காயப்போடக் கம்பி நட்டிருக்கும் இடம்.
"வெயில் அறைவது அதைத்தான்.
நான் பார்த்துக்கொண்டிருக்கப் போவதும் அதைத்தான்.
முன்பக்கத்தைப் பார்ப்பவர்கள் காரில் போகிறவர்கள்."

"அண்ணன்கள்…"

"அவர்களும் காரில்தானே போகிறார்கள்."

ததேயுஸ் டேப்பைச் சுருட்டும் சத்தம் மட்டும்.
கல்ஃபான் எதிர்வீட்டுப் பளிங்கைப் பார்த்தார்.
அது வெயிலை வாங்கி
அவர் கண்ணிலேயே திருப்பி எறிந்தது.
"எழுது" என்றார்.

எட்டு வருடத்தில் முதல் தடவை
மதிப்பீட்டுத் தாளில் முகப்பு என்பதை அடித்தேன்.
என்ன எழுதுவதென்று தெரியாமல்
துணிக்கம்பிப் பக்கம் என்று எழுதினேன்.
ஆபீஸில் கேட்பார்கள்.

கிழங்கு நிறத்தை அவள் திருப்பித் தரவில்லை.
குடிகாரக் கல்லை ததேயுஸ் மடியில் வைத்துக்கொண்டார்,
கேம்பில் குழம்புச் சட்டி இறக்கி வைக்க.

பின் சீட்டில் ஒன்பது.
ரவுண்டானா வந்தது.
அலுமினியம்தான் அதிகம் பேசியது.